தவக்காலத்தில் எதை விடுவது, விட்ட இடத்தில் எதை வைப்பது

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக் காலமான தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்கும், அதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே அந்தக் கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: இந்த வருஷம் எதை விடப் போறீங்க? இறைச்சி, இனிப்பு, காபி, ஃபோன் என்று பதிலும் கையோடு வந்துவிடும். கேட்பதில் தப்பில்லை, ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம். ஒன்றை விட்டால் அங்கே ஓர் இடம் காலியாகும். அந்த இடத்தில் செபமும் அடுத்தவருக்கான உதவியும் போய் உட்காரவில்லை என்றால், நாற்பது நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததாகத்தான் முடியும். உடம்பு கொஞ்சம் இளைக்கலாம், ஆள் அப்படியேதான் இருப்பார். அதனால் எதை விடுவது என்று யோசிக்கும்போதே விட்ட இடத்தில் என்ன வரப்போகிறது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் வேலைக்குப் போகிற, வீட்டைப் பார்த்துக்கொள்கிற, ராத்திரி படுக்கும்போதுதான் அக்கடா என்று உட்காருகிற சாதாரண ஆட்களுக்கானது. தவக்காலம் என்றாலும் லெந்து நாட்கள் என்றாலும் எனக்கு ஒன்றுதான். சட்டம், ஒழுங்கு என்று வரும் இடங்களில் மட்டும் கத்தோலிக்க முறையைச் சொல்கிறேன், என் பழக்கம் அது. மற்ற சபைகளில் இருப்பவர்கள் தங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நாள் கணக்கு

திருநீற்றுப் புதன் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) 46 நாள் முன்னால் வருகிறது. நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அதனால் அன்று நோன்பு நாள் கணக்கில் வராது. உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த வாரத்திலும் விழலாம் என்பதால் திருநீற்றுப் புதன் சில வருஷம் பிப்ரவரி தொடக்கத்திலேயே வந்து நிற்கும், சில வருஷம் மார்ச் வரை தள்ளிப்போகும். காலண்டரை இப்போதே பாருங்கள். முந்தின நாள் ராத்திரி "அய்யோ, நாளைக்கா?" என்று ஞாபகம் வந்து, அவசரத்தில் வாயில் வந்ததை நேர்ந்துகொண்டு, அடுத்த வாரமே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

நாற்பது என்ற எண் விவிலியத்தில் திரும்பத் திரும்ப வரும். மோசே சீனாய் மலையில் உண்ணாமல் குடிக்காமல் இருந்தது நாற்பது நாள், எலியா ஓரேபு மலைக்கு நடந்தது நாற்பது நாள், இயேசு பாலைநிலத்தில் இருந்ததும் நாற்பது நாள். 325-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கத்தின் ஐந்தாம் விதியிலேயே இந்த நாற்பது நாள் காலத்தைப் பற்றிய பேச்சு இருக்கிறது. அந்தக் காலத்தில் பாஸ்கா இரவில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவில், திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறக் காத்திருந்தவர்களுக்கு இதுதான் கடைசிக் கட்டத் தயாரிப்பு, ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்கள் அவர்களோடு சேர்ந்து நோன்பிருந்தார்கள். தவக்காலம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை இது காட்டிக்கொடுக்கிறது: திருமுழுக்குத் தொட்டிக்கு, அதாவது புது வாழ்வுக்கு. துக்கம் அனுசரிக்கிற நாட்கள் என்று மட்டும் நினைத்து உள்ளே நுழைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நாற்பது நாளும் ஓடிவிடும்.

எதை விடுவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது

புதன்கிழமைக்கு முன்னால் ஒரு மணி நேரம் தனியாக உட்காருங்கள். ஒரு தாள், ஒரு பேனா போதும். மூன்று கேள்விகள்: காலையில் கண் விழித்ததும் கை முதலில் எதைத் தேடுகிறது? மனசு கஷ்டப்படும்போது எங்கே போய் ஒளிந்துகொள்கிறேன்? யார் பெயரைக் கேட்டால் என் முகம் மாறுகிறது? நிதானமாக, பெயர் சொல்லி, யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தோடு எழுதுங்கள். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் எழுதுவது சுலபம், மூன்றாவதில்தான் பேனா நிற்கும், நிற்கிற இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள்.

இதற்குப் பழைய உதவி ஒன்று உண்டு. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, மனிதரை அலைக்கழிக்கிற எண்ணங்களை எட்டாக வகுத்தார்: பெருந்தீனி, காமம், பண ஆசை, சோகம், கோபம், சலிப்பு, வீண் பெருமை, செருக்கு. பிற்பாடு ஏழு தலையான பாவங்கள் என்று நாம் படித்த பட்டியல் இதிலிருந்து வளர்ந்ததுதான். இந்த எட்டையும் மெதுவாகப் படித்துக்கொண்டே போங்கள், எதாவது ஒன்றில் "இது நான்தான்" என்று சுருக்கென்று குத்தும். அங்கேதான் உங்கள் தவக்காலம் இருக்கிறது. இனிப்பையே தொடாத ஒருவர் தவக்காலத்துக்கு இனிப்பை விடுவதில் என்ன இருக்கிறது? அவருக்கு வீட்டு ஆட்களிடம் எரிந்து விழுவதுதான் வியாதி என்றால் நோன்பு அங்கேதான் தொடங்க வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு குறைவாக எடுங்கள். நோன்பில் ஒன்று, செபத்தில் ஒன்று, தர்மத்தில் ஒன்று, மொத்தம் மூன்று. அதற்கு மேல் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். எடுத்ததை அளவோடு, தெளிவாக எழுதுங்கள். "ஃபோனைக் குறைப்பேன்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது, "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஃபோன் அடுத்த அறையில் இருக்கும்" என்று எழுதினால் நடக்கும். "நல்லா செபிப்பேன்" என்பதும் அப்படித்தான், எத்தனை மணிக்கு, எந்த நாற்காலியில், எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள்.

அப்புறம் ஒருவரிடம் சொல்லுங்கள். புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் தன் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் தவக்காலத்துக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார், 49-ஆவது. ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி உணவிலோ உறக்கத்திலோ பேச்சிலோ கொஞ்சம் குறைத்துக் கடவுளுக்குக் கொடுக்கட்டும், ஆனால் என்ன கொடுக்கப்போகிறோம் என்பதை மடத்தலைவரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளட்டும் என்கிறார். சொல்லாமல் செய்வது கடைசியில் தற்பெருமையில் போய் முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கு அது ஆன்ம வழிகாட்டியாக இருக்கலாம், கணவனோ மனைவியோ, நம்பகமான ஒரு சிநேகிதியோ இருக்கலாம். ஒரே ஒருவர். ஊருக்கே ஸ்டேட்டஸ் போட்டுச் சொல்வது வேறு விஷயம். நெற்றியில் சாம்பலோடு படம் எடுத்துப் போடாதீர்கள் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் அன்றைக்குத் திருப்பலியில் வாசிக்கிற நற்செய்தியே (மத்தேயு 6) நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவு, தலைக்கு எண்ணெய் தடவு, மறைவாக இருக்கிற தந்தைக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் சொல்கிறது.

நோன்பு

சட்டம் கேட்பது ரொம்பக் கொஞ்சம். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள், 18 வயது முடிந்தவர்கள் 59 வயது முடியும்வரை அன்று நோன்பிருக்க வேண்டும்: ஒரு வேளை மட்டும் முழு உணவு, மற்றபடி காலையிலும் மாலையிலும் கொஞ்சமாக எதாவது. இந்தச் சாப்பாட்டு முறை 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒழுங்குபடுத்தியது. இறைச்சி தவிர்ப்பது 14 வயது முடிந்த எல்லோருக்கும், அந்த இரண்டு நாளும், தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும். நாட்டுக்கு நாடு ஆயர்கள் சில மாற்றங்கள் செய்திருப்பார்கள், பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கீழைத் திருச்சபைகளின் நோன்பு இதைவிடக் கடுமையானது, அவர்கள் திங்கட்கிழமையே தொடங்கிவிடுவார்கள், பால் முட்டையும் சேர்க்காத வழக்கம் அங்கே இருக்கிறது.

உடம்புக்கு முடியாதவர்கள் நோன்பிருக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள், சாப்பாட்டோடு மனசளவில் போராடி மீண்டு வந்துகொண்டிருப்பவர்கள், உங்களுக்கு வேறு நோன்புகள் இருக்கின்றன. மாத்திரையை நிறுத்தி நோன்பிருப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை, மருத்துவர் சொல்வதைக் கேட்பதே அன்றைக்கு உங்கள் கீழ்ப்படிதல்.

சரி, பசி எதற்கு? வயிறு காலியாக இருக்கும்போது நம் கோபம், அவசரம், "எனக்கு வேண்டியது இப்பவே வேண்டும்" என்கிற பிடிவாதம் எல்லாம் மேலே வந்து மிதக்கும். வந்து மிதக்கட்டும். அதைப் பார்ப்பதற்குத்தான் நோன்பு. எசாயா 58-ஐ எடுத்து வாசியுங்கள், நோன்பிருந்துகொண்டே சண்டை போடுகிறீர்கள், வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள் என்று இறைவாக்கினர் திட்டுகிற திட்டு இன்றைக்கும் அப்படியே பொருந்தும். நோன்பு நாளில் வீட்டில் எரிச்சலைக் காட்டுகிறவர் பேசாமல் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்த முகமாக இருப்பது எவ்வளவோ மேல்.

விட்ட இடத்தில் வைப்பது என்று சொன்னேனே, அது எப்படி இருக்கும் என்று பாருங்கள். ராத்திரி ஒன்பதரை. ஃபோன் அடுத்த அறையில் இருக்கிறது. கை தானாகத் தலையணைக்குப் பக்கத்தில் தடவுகிறது, ஒன்றும் இல்லை. அந்த அரை நிமிஷம் ஒரு மாதிரி வெறுமையாக, கொஞ்சம் பதற்றமாகக்கூட இருக்கும். "ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று தோன்றும். எழுந்து போகாதீர்கள், வேறு வேலையிலும் புகுந்துகொள்ளாதீர்கள். "ஆண்டவரே, எனக்கு இப்போ என்ன வேணும்?" என்று கேளுங்கள். தனிமையாக இருக்கிறது, நாளைக்கு நடக்கப்போவதை நினைத்தால் பயமாக இருக்கிறது, இன்றைக்கு ஒருத்தரும் என்னை நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிடவில்லை, எதுவோ ஒன்று வரும். இத்தனை நாளும் அந்தத் திரை மூடி வைத்திருந்தது அதைத்தான். அதையே செபமாகச் சொல்லுங்கள். அன்றைய நோன்பின் பலன் அந்த அரை நிமிஷத்தில் வந்துவிட்டது.

செபம்

புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். பெனடிக்ட் தன் துறவியர் ஒவ்வொருவருக்கும் தவக்காலத் தொடக்கத்தில் ஒரு புத்தகம் கொடுத்து, அதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக வாசிக்கச் சொன்னார், இந்தத் துண்டும் அந்தத் துண்டுமாக மேய்வதை அவர் விரும்பவில்லை. அதே மாதிரி நீங்களும் ஒரு நற்செய்தி நூலை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்கு 16 அதிகாரம்தான், தினம் பாதி அதிகாரம் படித்தாலும் நாள் மீதமிருக்கும்.

இன்னொரு வழி, தவக்கால ஞாயிறு நற்செய்திகளோடு போவது. முதல் ஞாயிறு இயேசு சோதிக்கப்படுவது, இரண்டாவது மலையில் உருமாறுவது, இவை எல்லா வருஷமும் வரும். மூன்றாண்டுச் சுழற்சியின் முதல் ஆண்டில் அடுத்த மூன்று ஞாயிறுகளுக்கு யோவான் 4, 9, 11 வருகின்றன: சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், லாசர். திருமுழுக்குக்குத் தயாராகிறவர்களுக்கென்றே அமைந்த வாசகங்கள் இவை, எந்த ஆண்டானாலும் வீட்டில் இவற்றை எடுத்து வாசிக்கலாம். சனிக்கிழமையே ஒரு தடவை வாசித்துவிட்டுக் கோவிலுக்குப் போனால் மறையுரை வேறு மாதிரி காதில் விழும்.

வாசிப்பது எப்படி என்றால், மெதுவாக. யோவான் 4-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். நண்பகல் நேரம். இயேசு பயணக் களைப்பில் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் எடுக்க வந்த பெண்ணிடம் அவரே முதலில் கேட்கிறார், குடிக்கத் தண்ணீர் கொடு என்று. கேட்டவருக்குத் தண்ணீர் கிடைத்ததா என்று நற்செய்தி சொல்லவே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? பேச்சு வளர்ந்து அவளுடைய ஐந்து கணவர்கள் வரை போகிறது, எங்கே தொழுவது என்று போகிறது, மெசியா வரை போகிறது. கடைசியில் 28-ஆம் வசனத்தில் அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போகிறாள். எதற்காக அந்த வெயிலில் நடந்து வந்தாளோ அதையே விட்டுவிட்டுப் போகிறாள்! தவக்காலத்தில் ஒன்றை விடுவது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் குடம்தான். அதை விடு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று கிடைத்துவிட்டதால் குடத்தின் ஞாபகமே அவளுக்கு இல்லை.

இப்படி ஒரு பகுதியை வாசித்து, மனசைத் தொட்ட ஒரு வரியில் நின்று, அதைப் பற்றிக் கடவுளிடம் பேசி, பிறகு பேச்சையும் நிறுத்திவிட்டுச் சும்மா அவர் முன்னால் இருப்பது என்று நாலு படி சொல்வார்கள். நாலாவது படிதான் நமக்கு வராது. ஒரு நிமிஷம் சும்மா இருந்தாலே மளிகை லிஸ்ட் ஓடும். ஓடட்டும், திரும்ப அந்த ஒரு வரிக்கு வாருங்கள், எத்தனை தடவை ஓடினாலும் அத்தனை தடவை வாருங்கள்.

ராத்திரிக்கு, இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனை. பத்து நிமிஷம்தான். முதலில் இன்றைக்குக் கிடைத்த நல்லதுக்கு நன்றி, பெரியதாக இருக்க வேண்டியதில்லை, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததுகூடப் போதும். அப்புறம் என்னை நானே சரியாகப் பார்க்க வெளிச்சம் கேட்பது. அப்புறம் காலையிலிருந்து நாளை மணிக்கு மணி திரும்ப ஓட்டிப் பார்ப்பது, எங்கே கடவுள் பக்கம் நகர்ந்தேன், எங்கே விலகினேன் என்று. அப்புறம் மன்னிப்பு. கடைசியாக நாளைக்கு ஒரே ஒரு விஷயத்தில் உதவி கேட்பது. மூன்றாவது படியில் "நான் மோசம், நான் மோசம்" என்று புலம்ப ஆரம்பித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மத்தியானம் மேனேஜர் கேட்டதற்கு ஏன் பொய் சொன்னேன், அவர் முன்னால் சின்னவனாகத் தெரிந்துவிடுவேன் என்ற பயமா? அந்த அளவுக்குக் குறிப்பாகப் போனால்தான் நாளைக்கு என்ன உதவி கேட்பது என்று தெரியும்.

சிலுவைப்பாதை, திருப்பாடல் 51, செபமாலையின் துயர மறைபொருள்கள் எல்லாமும் இருக்கின்றன. எல்லாவற்றையும் செய்யாதீர்கள், ஒன்றை எடுத்து அதிலேயே இருங்கள்.

தர்மம்

மூன்றில் நாம் அதிகம் ஒதுக்கித்தள்ளுவது இதைத்தான். நோன்பும் செபமும் எனக்கும் கடவுளுக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளலாம், தர்மம் மூன்றாவதாக ஓர் ஆளை உள்ளே கொண்டுவருகிறது, அந்த ஆளுக்குப் பெயரும் முகமும் உண்டு.

இரண்டாம் நூற்றாண்டில் ஹெர்மாஸ் என்பவர் எழுதிய நூலில் எளிமையான ஒரு கணக்கு வரும். நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள், அன்றைக்கு நீ வழக்கமாகச் சாப்பிட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார், அந்தப் பணத்தைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு. இவ்வளவுதான். நோன்பில் மிச்சமான காசு திரும்ப நம் பைக்கே வந்தால் அது சிக்கனம். அதனால் ஒரு டப்பாவோ கவரோ வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், குடிக்காமல் விட்ட காபியின் காசு, வாங்காமல் விட்ட பொருளின் காசு அன்றன்றைக்கே அதில் போகட்டும். மாசக் கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளினால் மறந்துபோகும், நிச்சயம் மறந்துபோகும். யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதையும் முதல் நாளே எழுதி வையுங்கள்.

பணம் இல்லாதவர்கள் நேரத்தைக் கொடுக்கலாம். வயதான ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காருவது, படிப்பில் திணறுகிற பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பது, யாரும் கூப்பிடாத சொந்தக்காரரை ஃபோனில் கூப்பிட்டு அவர் பேசுவதை முழுசாகக் கேட்பது. துணி கொடுப்பதாக இருந்தால் நீங்கள் நாளைக்கு உடுத்திக்கொண்டு வெளியே போகத் தயங்காத துணியைக் கொடுங்கள். திரும்பி வராது என்று தெரிந்த சின்னக் கடனை மனசிலிருந்து அழித்துவிடுவதும் தர்மம்தான், அந்த ஆளைப் பார்க்கும்போது முகம் சுளிக்காமல் இருந்தால்.

மன்னிப்புக் கேட்பது

இதைத் தள்ளிப்போடாதீர்கள், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பெரிய வாரத்தில் ஒப்புரவுக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) வரிசை நீளமாக இருக்கும், அவசரமாக இருக்கும். இரண்டாவது மூன்றாவது வாரத்திலேயே போய்விடுங்கள். பல வருஷமாகப் போகாதவர்கள் உள்ளே போனதும் அதையே முதல் வார்த்தையாகச் சொல்லலாம்: "சாமி, நான் வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, எப்படிச் சொல்வதென்று மறந்துபோச்சு." மிச்சத்துக்குக் குருவானவர் வழிகாட்டுவார். அங்கே சொன்னது எந்தக் காரணத்துக்காகவும் வெளியே வராது, அதை வெளிப்படுத்துகிற குருவுக்குத் திருச்சபை வைத்திருக்கும் தண்டனை மிகக் கடுமையானது. போவதற்கு முன்னால் அந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். காரணங்களை விட்டுவிட்டுச் செயலை மட்டும் சொல்லப் பழகுங்கள்.

இதற்குள் அந்த மூன்றாவது கேள்விக்கு எழுதிய பெயர் நினைவுக்கு வந்திருக்கும். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இயேசு சொல்கிறார், அதுவும் உனக்கு அவன்மேல் வருத்தம் இருந்தால் என்று சொல்லவில்லை, அவனுக்கு உன்மேல் வருத்தம் இருந்தால் என்கிறார். கூப்பிடும்போது வாக்கியத்தை முன்னாலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க." அங்கே நிறுத்துங்கள். "ஆனா நீங்களும்..." என்று நாக்கு நுனிவரை வரும், அந்த "ஆனா" வந்துவிட்டால் கேட்ட மன்னிப்பு போய் வழக்கு ஆரம்பித்துவிடும். அவர் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம், ஃபோனையே எடுக்காமல் இருக்கலாம். அது அவர் கையில். உங்கள் பங்கு கேட்பதோடு முடிந்தது. ஒன்று மட்டும், அடித்தவர்கள், கொடுமைப்படுத்தியவர்கள் விஷயம் வேறு. அவர்களை மனசில் மன்னிக்க வரம் கேட்கலாம், அதற்காகத் திரும்ப அவர்கள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று எந்த நற்செய்தியும் கேட்கவில்லை.

நடுவில் சலித்துப்போகும்போது

மூன்றாவது வாரம் வாக்கில் எல்லாம் சப்பென்று ஆகும். புதுசு போய்விட்டது, உயிர்ப்பு ஞாயிறு இன்னும் தூரத்தில் இருக்கிறது, இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். எவாகிரியுஸ் தன் எட்டில் சலிப்புக்குத்தான் நண்பகல் பேய் என்று பெயர் வைத்தார்: சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது, துறவி அடிக்கடி வெளியே எட்டிப் பார்க்கிறார், இந்த இடம் சரியில்லை, வேறு இடத்துக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறார். பதினாறு நூற்றாண்டு கழித்தும் நம் மத்தியானங்கள் அப்படித்தான் இருக்கின்றன. இஞ்ஞாசியார் 1548-இல் வெளிவந்த தன் ஆன்மப் பயிற்சிகளில் இதற்கு ஒரு விதி எழுதினார்: மனம் வறண்டு கிடக்கும் நேரத்தில் புது முடிவு எதுவும் எடுக்காதே, தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவிலேயே நில். அதனால் மூன்றாவது வாரத்தில் திட்டத்தை மாற்றாதீர்கள். கஷ்டமாக இருந்தால் செபத்தை ஒரு நிமிஷம் கூட்டிப் பாருங்கள், அவருடைய யோசனையும் அதுதான்.

தவறிவிட்டால்? அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். நேற்று விட்டதற்கு ஈடாக இன்றைக்கு இரண்டு மடங்கு என்று கணக்குப் போடாதீர்கள், அது கடவுளோடு வட்டிக்கணக்கு வைத்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். கொஞ்சம்கூடத் தவறாமல் நாற்பது நாளை முடித்தவருக்கு லூக்கா 18-இல் வரும் பரிசேயரின் ஆபத்து இருக்கிறது, வாரத்தில் இரண்டு தடவை நோன்பிருக்கிறேன் என்று கோவிலில் கடவுளுக்கே கணக்குச் சொன்னவர் அவர். தவறியவர், அதே கதையில் பாவியான என்மேல் இரங்கும் என்று தூரத்தில் நின்ற வரிதண்டுபவரின் பக்கத்தில் போய் நிற்கலாம், அங்கே இடம் நிறைய இருக்கிறது.

ஞாயிறுகளில் விட்டதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் இருக்கலாம், ஆனால் முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள், ஞாயிறு காலையில் ஆசை வந்தபிறகு விவாதிக்காதீர்கள். குடிப்பழக்கம் போல அடிமைப்படுத்தியிருக்கிற ஒன்றை விட்டவர்களுக்கு ஞாயிறு விலக்கு கிடையாது. அதுவும் தினசரி நிறையக் குடித்தவர்கள் தாமாகவே சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். நான்காவது ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு, சில கோவில்களில் அன்று ஊதா உடைக்குப் பதில் ரோஜா நிற உடையில் குருவைப் பார்க்கலாம். பாதி தாண்டிவிட்டோம் என்று திருச்சபையே தோளில் தட்டிக்கொடுக்கிற நாள், அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்குப் பட்டினி வேண்டாம். டப்பாவில் காசு போடும் வேலையை அவர்களிடம் கொடுங்கள், யாருக்குக் கொடுக்கலாம் என்று அவர்களையும் கேளுங்கள். பெரியவர்கள் யோசிக்காத பெயரை அவர்கள் சொல்வார்கள்.

பெரிய வாரமும் அதற்குப் பிறகும்

குருத்து ஞாயிறு அன்று வாங்கிவந்த ஓலையைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வருஷத்துச் சாம்பல் இப்படிப்பட்ட ஓலைகளை எரித்துத்தான் வருகிறது. வழிபாட்டுக் கணக்கில் தவக்காலம் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்னால் முடிந்துவிடும், அந்தத் திருப்பலியோடு உயிர்ப்பு ஞாயிறு வரை போகிற பாஸ்கா முந்நாள் தொடங்கிவிடும். முடிந்தால் வெள்ளிக்கு மட்டுமாவது விடுப்புக்கு இப்போதே எழுதிக்கொடுத்துவிடுங்கள். வியாழன் இரவு நற்கருணை முன்னால் ஒரு மணி நேரம், வெள்ளி மதியம் திருப்பாடுகளின் வழிபாடு. சனிக்கிழமை பகலை வீட்டைச் சுத்தம் செய்தும் கடைக்கு அலைந்தும் தீர்த்துவிடாமல் கொஞ்ச நேரமாவது பேச்சில்லாமல் வைத்திருங்கள், கல்லறை மூடியிருக்கிற நாள் அது.

அன்று ராத்திரி பாஸ்கா திருவிழிப்பில் எரியும் மெழுகுதிரியோடு நிற்கும்போது குரு கேட்பார்: சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, அவன் செயல்களையும் அவன் ஆரவாரங்களையும் விட்டுவிடுகிறீர்களா? கூட்டத்தோடு கூட்டமாகப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இந்த வருஷம் அந்தத் திருமுழுக்கு வாக்குறுதிகளை வியாழனுக்கு முன்னாலேயே ஒரு தடவை வீட்டில் வாசித்துப் பாருங்கள், தாளில் எழுதிய அந்தச் சுருக்கென்று குத்திய ஒன்றின் பெயரைக் கேள்வியில் வைத்து வாசியுங்கள். "விட்டுவிடுகிறேன்" என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லலாம்.

உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி, தூய ஆவியார் வந்ததைக் கொண்டாடும் பெந்தகோஸ்தே வரை 50 நாள் பாஸ்கா காலம். தவக்காலத்தைவிட நீளமான காலம் அது, நாம்தான் ஞாயிறு சாப்பாட்டோடு முடித்துவிடுகிறோம். விட்ட உணவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், நன்றியோடு சாப்பிடுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். மூன்றில் எது உங்களைக் கடவுள் பக்கம் அதிகம் நகர்த்தியதோ அதை மட்டும் சின்ன அளவில் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி ஆன்ம சோதனையாக இருக்கலாம், அந்த டப்பாவாக இருக்கலாம், யாரும் கூப்பிடாத அந்தச் சொந்தக்காரருக்கு வாரம் ஒரு ஃபோனாக இருக்கலாம். பெந்தகோஸ்தே அன்று அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, அடுத்த தவக்காலத்துக்கு ஒரு குறிப்பு எழுதி விவிலியத்துக்குள் வைத்துவிடுங்கள்.